ஒரு வயருக்கு ஒன்றரை லட்சம்: எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் என்னைப் படுத்திய பாடு

ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டி வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. எல்லோரும் வண்டியை ஓரங்கட்டி அணையைப் படம் எடுக்கும் இடம் அது. நானும் எடுத்தேன். கிளம்பி இரண்டு வளைவு தாண்டியிருப்பேன். ஒரு டிப்பர் லாரிக்கு வழிவிட்டு, முதல் கியரில் ஹேண்டிலை இடது பக்கம் நன்றாக ஒடித்துத் திரும்பும்போது மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சஸ்பென்ஷன் கோளாறு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அடுத்த பள்ளத்தில், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் மரக்கட்டை மாதிரி இடித்தது. ஜூலை மாத மழை, பின்சீட்டில் மனைவி, சுற்றிலும் மூடுபனி. ஓரமாக நிறுத்திச் சாவியை அணைத்துப் போட்டேன். விளக்கு போய்விட்டது. ‘ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு, சரியாயிடுச்சு’ என்று மனைவியிடம் சொன்னேன். வால்பாறை போய்ச் சேர்வதற்குள் இன்னும் மூன்று முறை எரிந்தது.

அன்றிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை ஐந்து மாதம், அதில் 74 நாள் வண்டி நகராமல் நின்றது, கையைவிட்டுப் போன பணம் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல். கடைசியில் பழுது இருந்த இடத்தைச் சரிசெய்ய ஆன செலவு 350 ரூபாய். இதைப் பற்றித் தமிழில் ஒருவராவது விவரமாக எழுதியிருந்தால் அன்றைக்கு என் கண்ணில் பட்டிருக்கும். தேடியதில் எதுவும் கிடைக்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓர் ஐரோப்பிய அட்வெஞ்சர் பைக். இரண்டாம் கையாக, 22,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் வாங்கியது. எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. பழுதுக்குக் காரணம் அவர்கள் இல்லை என்பதைப் பின்னால் படிக்கும்போது தெரிந்துகொள்வீர்கள். நான் மென்பொருள் வேலை பார்ப்பவன், பைக் மெக்கானிக் இல்லை. கார்பரேட்டர் வண்டியில் ஸ்பார்க் பிளக் கழற்றி மாட்டுவதோடு என் ஞானம் முடிந்தது. எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் என்றால் ஏதோ மந்திரப் பெட்டி என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பயம்தான் பாதிப் பணத்தைத் தின்றது.

அதனால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தச் சமாசாரத்தில் இரண்டு தலைமுறை உண்டு. 2004-இல் பிஎம்டபிள்யூ கே1200எஸ் வண்டியில் வந்தது முதல் வகை. பொத்தானை அழுத்தினால் குட்டி மோட்டார்கள் ஷாக் அப்சார்பரின் திருகை நமக்காகத் திருப்பிவைக்கும், அவ்வளவுதான். திருப்பிய இடத்திலேயே அது நிற்கும். 2013 வாக்கில் டுகாட்டி மல்டிஸ்ட்ராடா போன்றவற்றில் வந்தது செமி-ஆக்டிவ் என்கிற அரை-இயக்க வகை. இதில் ஃபோர்க்கிலும் பின் ஷாக்கிலும் எண்ணெய் ஓடும் வழியில் மின்சார வால்வு இருக்கும். சக்கரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது, வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை சென்சார்கள் சொல்லிக்கொண்டே இருக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு நொடிக்குள் பல முறை கணக்குப் போட்டு வால்வுக்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைக்கும். முதல் வகையில் கெட்டுப்போவது பெரும்பாலும் மோட்டாரும் பல்சக்கரமும். இரண்டாம் வகையில் சென்சார், வயர், வயர்களை இணைக்கும் கப்ளர். என்னுடையது இரண்டாம் வகை. முன்பக்கம் ஃபோர்க்கின் தலைமூடியிலிருந்து ஒரு வயர் புறப்பட்டு, ஹேண்டில் கழுத்தை ஒட்டி வளைந்து, டேங்குக்கு அடியில் போகிறது. ஹேண்டிலைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த வயரும் வளைந்து நிமிரும். இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். என் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது.

கோவை திரும்பியதும் நண்பர் குழுவில் கேட்டேன். ‘பேட்டரி வீக்கா இருந்தா இப்படித்தான் காட்டும்’ என்றார்கள். தப்பான ஆலோசனை இல்லை. எலக்ட்ரானிக் வண்டியில் எந்த விளக்கு எரிந்தாலும் முதலில் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. இன்ஜின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.4 வரை வர வேண்டும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 10-க்குக் கீழே விழுந்தால் சந்தேகப்படலாம். ஆனால் நான் இதில் எதையும் அளக்கவே இல்லை. நேராகப் போய் 11,500 ரூபாய்க்குப் புது பேட்டரி வாங்கி மாட்டினேன். மாட்டியபின் ஒன்பது நாள் விளக்கு எரியவில்லை, எனக்கு ஒரே சந்தோஷம். அந்த ஒன்பது நாளும் நான் அவிநாசி சாலையில் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நேர்கோட்டில் போய்வந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். வோல்ட்டேஜ் குறைந்தால் பொதுவாக ஒரே ஒரு விளக்கு மட்டும் எரிந்து நிற்காது. ஏபிஎஸ், டிராக்ஷன் கன்ட்ரோல் என்று நாலைந்து சேர்ந்து எரியும். எனக்கு எப்போதும் சஸ்பென்ஷன் விளக்கு மட்டும்தான். அப்போதே பேட்டரி மீது சந்தேகம் போயிருக்க வேண்டும்.

பத்தாம் நாள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளப் பார்க்கிங்கில் தூணைச் சுற்றித் திரும்பும்போது மறுபடி எரிந்தது. பயந்துபோய் டோயிங் வண்டி பிடித்து, 13,500 ரூபாய் கொடுத்து பெங்களூரில் ஒரு சர்வீஸ் மையத்துக்கு அனுப்பினேன். இது தேவையே இல்லாத செலவு. கோளாறு வந்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒதுங்கிக்கொள்கிறது, டேம்பிங், அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை எண்ணெய் அடக்கும் வேலை, ஒரே நிலையில் நின்றுவிடுகிறது. என் வண்டியில் கெட்டியாக நின்றது, சில வண்டிகளில் தளர்வாக நிற்கும், பிரேக் பிடித்தால் மூக்கு குப்புறக் கவிழும். ஸ்பிரிங் அப்படியேதான் இருக்கும். ஃபோர்க்கிலோ ஷாக்கிலோ எண்ணெய்க் கசிவு இல்லை, எதுவும் தளர்ந்து ஆடவில்லை என்று உறுதிசெய்துகொண்டால் நிதானமாக ஓட்டியே போயிருக்கலாம்.

அங்கே கணினியை மாட்டிப் படித்தார்கள். பரிசோதனைக் கட்டணம் 4,000, ஜிஎஸ்டியோடு 4,720. சர்வீஸ் அட்வைசர் போனில் சொன்னது இதுதான்: ‘சார், ஃப்ரண்ட் டேம்பர் வால்வ் ஓபன் சர்க்யூட்னு வருது. வால்வு தனியா வராது, கார்ட்ரிட்ஜோடதான் வரும்.’ வயர் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டேன். ‘செக் பண்ணிட்டோம் சார், கண்டினியூட்டி இருக்கு. உள்ள காயில் சூடானா கட் ஆகுது’ என்றார். வயர் அறவில்லை, வால்வுக்குள் சுற்றிய கம்பிதான் சூட்டில் விட்டுப்போகிறது என்று அர்த்தம். அவர் பொய் சொன்னதாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அவர்கள் அளந்தபோது வண்டி ஸ்டாண்டில் நேராக நின்றிருக்கும், ஹேண்டில் நேராக இருந்திருக்கும். நேராக இருக்கும்போது வயர் நன்றாகத்தான் இருந்தது. கார்ட்ரிட்ஜ், அதாவது ஃபோர்க்குக்குள் உட்காரும் முழு டேம்பர், 1,12,000. எண்ணெய், சீல் எல்லாம் 6,800. கூலி 9,440. பாகம் வெளிநாட்டிலிருந்து வர ஏழு வாரம். சரி என்று சொல்வதற்கு முன் இரண்டு இரவு தூங்கவில்லை. மனைவியிடம் பாதித் தொகையைத்தான் சொன்னேன்.

செப்டம்பர் கடைசியில் வண்டியை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி, சேலம் வழியாக நெடுஞ்சாலையில் கோவை வரை ஓட்டிவந்தேன். தொட்டில் மாதிரி இருந்தது. செலவழித்த காசு வலிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, அதே தரைத்தளம், அதே தூண், அதே மஞ்சள் விளக்கு. வண்டியை அணைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் வந்து ‘என்னங்க சார், பெட்ரோல் இல்லீங்களா?’ என்று கேட்கும் வரைக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஆத்திரத்தைவிட அவமானம்தான் அதிகம். யாரிடம் போய் என்ன சொல்வது? சர்வீஸ் மையத்துக்குப் போன் செய்தால், ‘கொண்டு வாங்க சார், கன்ட்ரோல் யூனிட்டை செக் பண்ணலாம்’ என்றார்கள். அதன் விலையை நான் கேட்கவே இல்லை.

அன்றைக்குச் செய்த ஒரு காரியத்தை ஜூலையிலேயே செய்திருக்க வேண்டும். ஒரு நோட்டை எடுத்து, விளக்கு எரிந்த ஒவ்வொரு முறையும் எங்கே, எந்த வேகத்தில், எந்தப் பக்கம் திரும்பும்போது, மழையா வெயிலா, பின்னால் ஆள் உண்டா இல்லையா என்று நினைவிலிருந்து எழுதினேன். வால்பாறைப் பயணத்தில் எடுத்த மீட்டர் படங்களும் உதவின. மொத்தம் 11 முறை. அதில் ஒன்பது முறை மெதுவாக இடது பக்கம் ஒடித்துத் திரும்பும்போது. மீதி இரண்டு நினைவில்லை. 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஒருமுறைகூட இல்லை. சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இரண்டு முறை காலையில் வண்டி எடுத்த ஐந்தாவது நிமிடத்திலேயே வந்திருந்தது. ‘சூடானா கட் ஆகுது’ என்ற கதை அந்தப் பக்கத்திலேயே அடிபட்டுப் போனது. விட்டு விட்டு வரும் கோளாறுக்கு இதைவிடப் பெரிய கருவி இல்லை. விளக்கு எரிந்ததும் கிலோமீட்டர் எண் தெரிகிற மாதிரி மீட்டரை ஒரு படம் எடுங்கள், கீழே இரண்டு வரி எழுதுங்கள். மெக்கானிக்கிடம் ‘அப்பப்ப வருதுங்க’ என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. ‘இடது பக்கம் ஒடிச்சா வருது’ என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் கோட் படிக்கும் கருவி. கோளாறு வந்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டி பதிந்துவைக்கும் எண்தான் கோட். முதலில் இணையத்தில் 600 ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் அடாப்டர் வாங்கினேன், குப்பை. அந்த மாதிரி மலிவுக் கருவிகள் இன்ஜின் சம்பந்தப்பட்ட பொதுவான கோடுகளைத்தான் படிக்கும், சஸ்பென்ஷன் பக்கமே போகாது. உங்கள் வண்டி நிறுவனத்துக்கென்று தனியாக எழுதிய ஆப் எது, அது எந்த அடாப்டரோடு வேலை செய்யும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். எனக்கு 2,800 ரூபாயில் முடிந்தது. சீட்டைத் தூக்கினால் கப்ளர் கிடைக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகான வண்டிகளில் பெரும்பாலும் ஆறு பின் வகை, பழைய வண்டிகளுக்குத் தனி மாற்று வயர் தேவைப்படலாம். படிக்கும்போது, எந்தக் காரணம் கொண்டும் முதலிலேயே அழிக்காதீர்கள். இப்போது இருக்கும் கோளாறு எது, முன்பு வந்துபோய்ப் பதிவாகி நிற்பது எது என்று தனித்தனியாகக் காட்டும். படம் எடுத்துக்கொண்டு பிறகு அழித்து, ஓட்டி, எது திரும்பி வருகிறது என்று பாருங்கள். பொதுவான முறையில் கோடின் முதல் எழுத்து P என்றால் இன்ஜின், C என்றால் சேஸிஸ், அதாவது வண்டியின் சட்டகப் பக்கம். சஸ்பென்ஷன் இந்த C-யில்தான் வரும். U என்றால் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குள் பேச்சுவார்த்தை முறிந்திருக்கிறது. சில நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி எண்கள் வைத்திருக்கின்றன.

இங்கேதான் நான் ஏமாந்தேன். ‘முன் வால்வு, ஓபன் சர்க்யூட்’ என்று கோட் சொன்னால், வால்வு கெட்டுவிட்டது என்று காதில் விழுகிறது. பெட்டி அப்படிச் சொல்லவில்லை. ‘முன் வால்வுக்கு நான் அனுப்பும் கரண்ட் சுற்றித் திரும்பி வரவில்லை’ என்றுதான் சொல்கிறது. அந்தச் சுற்றில் பெட்டியின் பின், ஒன்றரை மீட்டர் வயர், நடுவில் ஒரு கப்ளர், கடைசியில் வால்வு எல்லாம் இருக்கின்றன. எங்கே அறுந்தாலும் பெட்டிக்கு ஒன்றுதான். ஷார்ட் சர்க்யூட் என்று வந்தால் வயர் உரசித் தோல் போயிருக்கலாம். மதிப்பு நம்பும்படி இல்லை என்று வந்தால் சென்சார், அதன் கம்பி, அதன் மூட்டு. கோட் காட்டுவது ஒரு தெருவை, வீட்டு எண்ணை இல்லை.

உக்கடம் பக்கம் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை. ஷேர் ஆட்டோவுக்கும் டாடா ஏஸுக்கும் வயரிங் பார்ப்பவர், அறுபதை நெருங்கும் வயது. காரின் ஹாரனைச் சரிபார்க்கப் போன இடத்தில் பேச்சுவாக்கில் என் புலம்பலைச் சொன்னேன். வண்டி பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. ‘நேரா போறப்ப நல்லா இருக்குதுங்களா தம்பி?’ என்றார். ‘ஆமாங்கண்ணா.’ ‘ஒடிச்சா வருதுங்களா?’ ‘ஆமாங்க.’ ‘அப்ப வயர் எங்கியோ இழுபடுது. மல்டிமீட்டரை மாட்டிட்டு ஹேண்டிலை மெல்லத் திருப்பிப் பாருங்க. ஆட்டோவுல தினமும் இதானுங்க வேலை.’ அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஹாரன் வேலைக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

அன்று இரவு பத்து மணிக்கு மேல் பார்க்கிங்கில் தலையில் ஒரு டார்ச்சைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சாவி அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, டேங்கைத் தூக்கி, கட்டுப்பாட்டுப் பெட்டியின் கப்ளரை உருவினேன். வயரிங் படத்தைப் பார்த்து முன் வால்வுக்குப் போகும் இரண்டு பின்களைக் கண்டுபிடித்தேன். மின்தடை அளக்கும் மல்டிமீட்டரின் தடித்த முனையைக் கப்ளருக்குள் நேராகக் குத்தக் கூடாது, உள்ளே இருக்கும் பின் விரிந்துவிட்டால் அது இன்னொரு கோளாறு. மெல்லிய குண்டூசியைப் பின்பக்கம் வழியாக வயரோடு ஒட்டிச் செருகி, அதில் முதலைக் கிளிப்பை மாட்டினேன். 4.3 ஓம் காட்டியது. மீட்டர் வயரின் தடை ஒரு 0.2 கழித்தால் சரியான அளவுதான். ஹேண்டிலை வலது பக்கம் முழுக்கத் திருப்பினேன், 4.3. நடுவுக்குக் கொண்டுவந்தேன், 4.3. இடது பக்கம் மெதுவாக, ஒரு விரல் அகலம், இன்னொரு விரல் அகலம். முக்கால் பங்கு திரும்பியதும் 4.3 என்பது 11 ஆனது. அப்புறம் 40. அப்புறம் எண்ணே இல்லை, சுற்று அறுந்ததற்கான குறி மட்டும் நின்றது. கொஞ்சம் பின்னால் கொண்டுவந்தால் மறுபடி 4.3. நம்பாமல் இருபது முறையாவது திருப்பியிருப்பேன். அந்த நேரத்தில் அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

ஆனால் இது மட்டும் போதாது. புது கார்ட்ரிட்ஜும் சேர்ந்துதானே அந்தச் சுற்றில் இருக்கிறது? எனவே சுற்றை இரண்டாகப் பிரித்தேன். ஃபோர்க் பக்கக் கப்ளரைக் கழற்றி வால்வை மட்டும் அளந்தேன். ஹேண்டிலை எப்படித் திருப்பினாலும் 4.1, அசையவில்லை. பெட்டிப் பக்கத்திலிருந்து அந்தக் கப்ளர் வரைக்கும் ஒவ்வொரு வயராக அளந்தேன். ஒன்று எப்போதும் 0.3. இன்னொன்று இடது பக்கம் ஒடித்தால் அறுந்தது. கோளாறு வண்டிப் பக்க வயரில். அதாவது, நான் மாற்றிய கார்ட்ரிட்ஜ் இதில் சம்பந்தமே படவில்லை. மாற்றும்போது கப்ளரைக் கழற்றி மாட்டியதில் வயர் சில மில்லிமீட்டர் நகர்ந்து கொஞ்ச நாள் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பழுது பார்த்தபின் சில நாள் நன்றாக இருந்து மறுபடி வந்தால், மாற்றிய பாகத்தைவிட, மாற்றும்போது எதை எல்லாம் அசைத்தார்கள் என்பதைச் சந்தேகப்படுங்கள்.

வயரைப் பின்தொடர்ந்து போனேன். ஹேண்டில் கழுத்தில் சஸ்பென்ஷன் வயரோடு இன்னொரு கறுப்பு வயரையும் சேர்த்து, ஒரு கேபிள் டை போட்டு ஃபிரேமோடு இறுக்கிக் கட்டியிருந்தது. அந்தக் கறுப்பு வயர் ஃபாக் லைட்டுடையது. வண்டி வாங்கிய மாதமே ஓர் ஆக்சசரி கடையில் நான் போட்டது. ‘வயர் வெளிய தெரியக் கூடாது, நல்லா டைட்டா கட்டுங்க’ என்று பக்கத்தில் நின்று சொன்னது நான்தான். கம்பெனி விட்டிருந்த வளைவுத் தளர்வை அந்த ஒரு டை பிடித்துத் தின்றுவிட்டது. ஒவ்வொரு இடது திருப்பத்திலும் வயர் அங்கே மடங்கி மடங்கி, மேல்தோல் முழுதாக இருக்க உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கின்றன. டையை வெட்டி, அந்த இடத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தபோது, மற்ற இடங்களில் விறைப்பாக இருந்த வயர் அங்கே மட்டும் ரப்பர் போல நீண்டது. தோலைக் கீறினால் உள்ளே பச்சைப் பொடி. மாதம் ஒருமுறை வாட்டர் வாஷில் பிரஷர் தண்ணீரைக் கழுத்துப் பக்கம் அடிக்கவைத்ததும் நான்தான்.

சரிசெய்யும் வேலையை உக்கடம் அண்ணனிடமே கொடுத்தேன். கெட்ட பகுதியை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு, அதே தடிமனில் புது வயர் சேர்த்தார். வளைகிற இடத்தில் ஈயம் பற்றவைக்கக் கூடாது என்றார். ஈயம் ஊறிய இடம் கம்பியாக விறைத்துப்போய், அதன் ஓரத்தில் மறுபடி அறுக்குமாம். எனவே இணைப்புகளை வளையாத இடத்துக்குத் தள்ளிக் கொண்டுபோய், லக் என்கிற சின்ன உலோகக் குழாய் வைத்து நசுக்கி, மேலே உள்பசை உள்ள ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டினார். பிறகு அவர் காட்டிய ஒரு சோதனை எனக்குப் புதிது. வயரின் இரண்டு முனையையும் வண்டியிலிருந்து கழற்றிய நிலையில், 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றோடு 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை அந்த வயர் வழியாக எரியவிட்டார். பல்பு இழுப்பது 1.75 ஆம்பியர். ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயர்கூட மல்டிமீட்டரில் நல்லதாகவே காட்டும், மீட்டர் அனுப்பும் கரண்ட் அவ்வளவு சிறியது. பல்பை எரியவிட்டால் மங்கிக் காட்டிக்கொடுக்கலாம். கட்டுப்பாட்டுப் பெட்டி மாட்டியிருக்கும்போது மட்டும் இதைச் செய்து தொலைக்காதீர்கள். எல்லாம் சேர்த்து 350 ரூபாய். நான் 500 கொடுத்தேன், மீதியைத் திருப்பித் தந்துவிட்டார்.

எல்லோருக்கும் இதே வயர்தான் அறும் என்று சொல்ல மாட்டேன். இந்த ஐந்து மாதத்தில் மற்றவர்களிடம் பேசியும் படித்தும் தெரிந்துகொண்டதில் சிலது. பின் சக்கரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் சென்சாருக்கும், அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி இருக்கும் வண்டிகளில், கல் பட்டு அது வளைவதும் மூட்டிலிருந்து கழன்றுவிடுவதும் சகஜம். குனிந்து பார்த்தாலே தெரியும். ஆப்பில் நேரலை மதிப்புகள் வந்தால், ஒருவரைச் சீட்டில் உட்கார்ந்து எழச் சொல்லிப் பாருங்கள். சென்சாரின் எண் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டும், நடுவில் குதித்தால் கோளாறு. சென்சாரை மாற்றினால் பூஜ்ய நிலையை மறுபடி பதிவுசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் புதுசும் பழையது மாதிரியே அழும். ஒருவர், இருவர், சாமான் என்று படம் போட்ட ப்ரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கும் அளவு) மாறவில்லை என்றால், முதலில் இன்ஜினை ஓடவிட்டு வண்டியை நிறுத்திய நிலையில் மாற்றிப் பாருங்கள், பல வண்டிகளில் அப்படித்தான் மாறும். மோட்டார் சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், வயர், மோட்டார். சத்தம் வந்தும் சீட் உயரம் மாறவில்லை என்றால் உள்ளே இயந்திரப் பழுது. சாவி அணைத்த நிலையில் சீட்டை அழுத்திப் பார்த்து ‘ஷாக் போயிடுச்சு’ என்று சொல்பவரை நம்பாதீர்கள். அரை-இயக்க வால்வுக்கு அப்போது கரண்டே இல்லை, அந்தத் துள்ளலுக்கு அர்த்தமும் இல்லை. அதே நேரம், ஃபோர்க் சீல் கசிந்து எண்ணெய் ஒழுகினாலும் கணினிக்குத் தெரியாது. விளக்கு எரியவில்லை என்பதால் சஸ்பென்ஷன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

சர்வீஸ் மையத்துக்குத்தான் போக வேண்டும் என்றால் (உத்தரவாதம் இருந்தால் அங்கேதான் போக வேண்டும், வயரை வெட்டினால் அது போய்விடும்) பாகம் மாற்றச் சம்மதிப்பதற்கு முன் சில கேள்விகளை வாட்ஸ்அப்பிலாவது எழுதிக் கேளுங்கள். கோடின் படம் வேண்டும். எந்த இடத்தில் எதை அளந்தீர்கள், எவ்வளவு வந்தது? ஹேண்டிலைத் திருப்பி, வயரை ஆட்டி அளந்தீர்களா? பாகத்தை மாற்றியும் அதே கோட் வந்தால் யார் பொறுப்பு? நான் கேட்டிருந்தால் மூன்றாவது கேள்வியிலேயே கதை முடிந்திருக்கும். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் கையாக இந்த மாதிரி வண்டி வாங்குபவர்கள், இன்ஜின் ஓடும்போது ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டு மூன்று முறை திருப்பி, எல்லா மோடும் மாறுகிறதா என்று பார்த்துவிட்டு, எட்டு போடுவது மாதிரி மெதுவாக இரண்டு சுற்று ஓட்டிப்பாருங்கள். கூடுதல் லைட், ஜிபிஎஸ், சார்ஜர் எது போட்டிருந்தாலும் டேங்குக்கு அடியில் யார் எப்படி வயர் இழுத்திருக்கிறார்கள் என்று ஒரு பார்வை.

மொத்தக் கணக்கு 1,61,710 ரூபாய், அதில் பெங்களூர் போய்வந்த பஸ் செலவும் இரண்டு நாள் லீவும் சேரவில்லை. டிசம்பரில் மறுபடி வால்பாறை போனேன், தனியாக. 40 வளைவும் ஏறி இறங்கினேன், விளக்கு எரியவில்லை. பதினோராவது வளைவில் மட்டும் மீட்டரையே பார்த்துக்கொண்டு திரும்பியதில் எதிரே வந்த ஜீப்காரர் திட்டிவிட்டுப் போனார். பழைய கார்ட்ரிட்ஜ் வீட்டுப் பரணில் செய்தித்தாள் சுற்றிக் கிடக்கிறது. போன வாரம் எடுத்து அளந்துபார்த்தேன், 4.1 ஓம், புதுசுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. விற்கலாம் என்று போட்டேன். ஒரே ஒருவர் போன் செய்தார், ‘நல்ல பார்ட்டுன்னா ஏன் பாஸ் கழட்டுனீங்க?’ என்று கேட்டார். பதில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே வைத்துவிட்டார்.